நாற்பத்தெட்டுத் துளையும் பதினான்கு விநாடியும்

2009 மே 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. பெட்டியில் துளைகள் நாற்பத்தெட்டு. வெப்பத் தகடு 32 பாகை. உள்ளே ஈரப்பதன் 68 சதவீதம். போனில் ஒரு தகவல் இருக்கிறது. அதன் நீளம் பதினான்கு விநாடி. அதை நான் இதுவரை பதினொரு தடவை கேட்டுவிட்டேன். உன் வயது, நேற்று உன் அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்ன கணக்கின்படி, ஒன்பது கிழமை, அதாவது அறுபத்துமூன்று நாள்.

நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை, பிள்ளை. தொழிற்சாலையில் பழுதறிக்கை எழுதுவேன்: என்ன பழுது, எத்தனை மணிக்கு, யார் கடைசியாகத் தொட்டது, என்ன செய்யப்பட்டது. நான்கு வரியில் முடிந்துவிடும். இது முடியவில்லை. மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எனக்கு முப்பது வயது. பிள்ளைக்குக் கலியாணம் என்கிறபோதோ, தலை நரைத்த பிறகோதான் தகப்பன்மார் இப்படியெல்லாம் எழுதுவார்கள். நான் முந்திக்கொண்டேன். காரணம், உன்னைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று நேற்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒருவருக்குள் நீ அடங்கமாட்டாய் என்று நினைக்கிறேன். அதனால் உன்னிடமே சொல்கிறேன். நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வீட்டுக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு புறப்படுகிற நாளில் இதை உன் கையில் தருவேன். நீ மகனா மகளா என்று தெரியாது. எழுதுவதற்கு அது தேவைப்படவுமில்லை.

நாங்கள் ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில், ஒன்பதாம் மாடியில், ஒரு படுக்கையறையுள்ள அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறோம். நான் ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சு மிசின்களைத் திருத்துகிறேன். வாளி, காய்கறிக் கூடை, மூடியுள்ள சாமான் பெட்டி எல்லாம் அங்கே உருகி அச்சில் விழுந்து வரும். ஏப்ரலில் வேலை குறைந்து இரண்டாவது ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். என்னோடு வேலை செய்த க்ளென் அல்பேர்ட்டாவுக்கு வேலை தேடிப் போனான். போகும்போது தன் பாம்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். இரண்டு கிழமைதான் என்றான். இன்று நான்காவது கிழமை. போல் பைதன் என்பது அதன் இனம்; விஷமில்லை, மூன்றரை அடி நீளம், பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். மண்ணிறத்தில் திட்டுத் திட்டாக இருந்ததால் க்ளென் அதற்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தான். நான் ஏன் ஓமென்று சொன்னேன் என்று நீ கேட்பாய். க்ளென் ஒரு தாளில் அதற்கு வேண்டியதை எழுதித் தந்தான்: இத்தனை பாகை சூடு, இத்தனை சதவீதம் ஈரம், பத்து நாளுக்கு ஒரு எலி. அந்த மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் எனக்கு விளங்கிய ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

கண்ணாடித் தொட்டியோடு அதை ஒரு போர்வையால் மூடி எலிவேற்றரில் கொண்டுவந்தபோது ஏழாம் மாடி அன்ரி ஏறினார். எங்கள் ஊர்க்காரர், எல்லாரையும் விசாரிப்பவர்.

“என்ன தம்பி, மீன் வளக்கப் போறீரோ?”

“ஓம் அன்ரி.”

“அப்ப தண்ணி எங்கை?”

“இனித்தான் விடோணும்.”

“மீன்?”

“இனித்தான் வாங்கோணும்.”

“அப்ப போர்வைக்குள்ளை நெளியிறது என்ன தம்பி?”

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. அந்த அன்ரி அதற்குப் பிறகு படிக்கட்டால்தான் இறங்கி வருகிறார்.

வீட்டுக்குள் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வதனி — உன் அம்மாவை நேற்றுவரை எனக்கு அந்தப் பெயரில்தான் தெரியும், அப்படியே எழுதுகிறேன் — தொட்டிக்கு முன்னால் குந்தி நெடுநேரம் பார்த்தாள். “ஆர் இவர்?” என்றாள். பிஸ்கட் என்றேன். “விசர்க்கதை கதையாதையுங்கோ. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீட்டுக்கு வந்திருக்கிறார், பிஸ்கட்டாம்.” அன்றிலிருந்து அவளுக்கு அது ‘அவர்’. தொடமாட்டாள். காலையில் வெளியே போகுமுன் தொட்டியை எட்டிப் பார்த்து, “அவர் சாப்பிட்டவரோ?” என்று கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்காத நாட்கள் அவை. அதில் எனக்குக் கோபமும் இருந்தது. அது நியாயமில்லாத கோபம் என்று எனக்கே தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்கு அவர் பெரியம்மா. வதனிக்கு ஒன்பது வயதில் தாய் போய்விட்டார். பத்து வயது மூத்த அக்காதான் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசியில் எனக்குக் கலியாணம் பேசி அனுப்பிவைத்தார். அக்கா வன்னியில் நின்றுவிட்டார். நான் அவரை நேரில் கண்டதில்லை. போனில் மூன்று தடவை கதைத்திருக்கிறேன். முதல் தடவை, வதனி ரொறன்ரோவுக்கு வந்து ஒரு மாதமிருக்கும், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் கதைத்தோம்.

“தம்பி, என்ரை தங்கச்சி வாய் திறவாள். எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சிருப்பாள். நீர்தான் பாத்துக் கண்டுபிடிக்கோணும்,” என்றார் அக்கா.

“நான் மிசினுக்குள்ளை பழுது எங்கை எண்டு கண்டுபிடிக்கிற ஆள் அக்கா. இவவைக் கண்டுபிடிக்க மாட்டனோ?”

“மிசின் எண்ணெய் விட்டால் ஓடும். இவளுக்கு என்ன விடுவீர்?” என்று சிரித்தார். பிறகு வதனியிடம், “இஞ்சை பார், விசேஷம் எண்டால் முதல் எனக்குத்தான் சொல்லோணும். உவருக்குக்கூடப் பிறகுதான்.”

“ஒரே வீட்டிலை இருக்கிறவனுக்குப் பிறகோ?” என்றேன்.

“ஓம், பிறகுதான். சத்தியம் பண்ணடி.”

“சத்தியம்,” என்றாள் வதனி. மூவரும் சிரித்தோம். பகிடியாகத்தான் சொன்னார்கள். பகிடி என்று நினைத்துத்தான் நானும் மறந்தேன்.

கடைசியாக அக்கா கதைத்தது மார்ச் தொடக்கத்தில். யாரோ ஒருவரின் போனிலிருந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கள் இருவரிடமும் செல்போன் இருக்கிறது, ஆனால் அக்காவிடம் இருந்தது வீட்டு இலக்கம் மட்டும்தான். தாள் தொலைந்துவிடும் என்று வதனி அந்தப் பத்து இலக்கத்தையும் மூன்று மூன்றாக, பிறகு நான்காகப் பிரித்து, போனிலேயே திருப்பித் திருப்பிச் சொல்லி அக்காவுக்குப் பாடமாக்கியிருந்தாள். இந்தக் கதையில் அந்தப் போன் முக்கியம். மறந்துவிடாதே.

ஏப்ரல் முழுதும் வதனி ஒவ்வொரு நாளும் நகரத்துக்குப் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ரோட்டில் நின்றாள். ஆயிரக்கணக்கில் எங்கள் சனம் நின்றது. நான் அவளைச் சுரங்க ரயிலடியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். இரண்டு நாள் நானும் போய் நின்றேன். மூன்றாம் நாள் காருக்குள் வைத்துக் கேட்டேன்: “இவ்வளவு நாளும் நிண்டு என்ன மாறினது? ஒரு இலக்கம் சொல்லும், பாப்பம்.”

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். பிறகு, “நீங்கள் எல்லாத்துக்கும் சுவிச் எங்கை எண்டு தேடுற ஆள். இதுக்குச் சுவிச் இல்லை. வேறை என்ன செய்யிறதெண்டு தெரியாமல்தான் நிக்கிறம்,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். காரின் கதவை மிக மெதுவாகச் சாத்தினாள். இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், எடுத்தால் எடு: உன்னோடு வாழ்கிற ஆள் கதவை அடித்துச் சாத்தினால் அது சண்டை, சரிப்பண்ணலாம். மெதுவாகச் சாத்தினால் பிழை உன்னுடையது. நான் அன்று திரும்பிக் கூப்பிடவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது, போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அதாவது முந்தாநாள், பிஸ்கட்டின் கண்கள் மங்கின. கறுப்பாக இருந்தவை பால் கலந்த நீலமாக மாறியிருந்தன. எனக்கு உடனே விளங்கியது, தோல் கழற்றப் போகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிபோல் ஒரு செதில். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் ஒரு திரவம் ஊறும்போது கண் அப்படித் தெரியும். சில நாளில் தெளிந்து, பிறகு தோல் கழலும். சிக்கல் என்னவென்றால், காற்று வறண்டிருந்தால் அந்தக் கண் செதில் கழலாமல் ஒட்டிக்கொள்ளும். அப்படித் திரும்பத் திரும்ப ஒட்டினால் உண்மையாகவே கண் கெட்டுவிடும். எங்கள் கட்டடத்தின் காற்றோ பொரியவிட்ட அப்பளம். க்ளெனின் கண்ணாடித் தொட்டிக்கு வலைமூடி. விடுகிற ஈரமெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். அதனால்தான் பிளாஸ்டிக் பெட்டி. எங்கள் தொழிற்சாலையில் மூடியின் ஓரம் கொஞ்சம் கோணலாக வந்ததென்று ஒதுக்கிய ஒரு பெட்டியைச் சொல்லிக் கேட்டு எடுத்து வந்தேன்.

நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்றார்கள். இல்லை, முடியவில்லை என்றார்கள். ஒருவர் அழுதார், ஒருவர் நம்பவேண்டாம் என்று என்னை ஏசினார். ஒவ்வொரு மணியோசைக்கும் வதனி பாய்ந்து எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அது அக்கா இல்லை. பத்து மணிக்கு டிவியை நிற்பாட்டச் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். அரச விடுமுறை, எனக்கு வேலையில்லை. யாருக்கு என்ன சொல்வது, எதை நம்புவது, எங்கே போய் நிற்பது, ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

இப்படிப் பெட்டி ஒன்று நீ செய்யவேண்டி வந்தால் கேள். ட்ரில் பாவிக்காதே, கண்ணாடிபோன்ற பெட்டியாக இருந்தால் வெடித்துக் கீறல் விழும். சோல்டரிங் அயனால் உருக்கித் துளை போடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. எப்போதும் உள்ளேயிருந்து வெளியே குத்து. உருகிய பிளாஸ்டிக் போகிற பக்கத்தில் ஒரு கூர் விளிம்பு எழும்பும். அது வெளியே இருக்கட்டும், உள்ளே இருக்கிற உயிரின் வயிற்றில் கீறக் கூடாது. வெப்பத் தகடு பெட்டிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கில் மட்டும். மற்றப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். எங்கே கிடப்பதென்று அது தானே தீர்மானிக்கும். தகட்டை ஒருநாளும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கொளுவாதே. ஒளிப்பிடம் இரண்டு. எங்கள் குளிர்ப்பெட்டியிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து — உள்ளே பருப்புத்தான் இருந்தது, எங்கள் ஆட்கள் வீட்டில் வேறென்ன இருக்கும் — கழுவி, வாசல் வெட்டி, ஈரப் பாசியை நிரப்பினேன்.

அடியில் விரிக்கத் தமிழ்க் கடையில் சும்மா எடுத்துவந்த பத்திரிகைகளை எடுத்தேன். தண்ணீர் குடிக்க வெளியே வந்த வதனி அதைக் கண்டாள்.

“அதிலை சனத்தின்ரை படம் கிடக்குது. எடுங்கோ.”

எடுத்தேன். சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளை விரித்தேன், கோழியும் தோடம்பழமுமாக. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உதுக்குள்ளையோ அவரை விடப்போறீங்கள்? கிடந்த இடத்திலை பாதியும் இல்லை. அங்கை சனத்தைக் கம்பிக்குள்ளை விட்டிருக்கிறமாதிரி.”

“இல்லை வதனி, அதுக்கு ஒடுக்கமாய் இருந்தால்தான் பயமில்லாமல் கிடக்கும். பெரிய இடமெண்டால் சாப்பிடாது.”

“அப்பிடித்தான் அவங்களும் சொல்லுவாங்கள்,” என்றாள்.

நான் சொன்னது பாம்பைப் பொறுத்தவரை சரி. ஆனாலும் விரித்த தாளை இன்னொரு தடவை நீவிவிட்டேன். அவள் திரும்பிப் போகாமல் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். “இஞ்சேருங்கோ,” என்றாள். “என்னைக் கண்டுதான் இவருக்குக் கண் தெரியாமல் போச்சு.”

பிள்ளை, அது உன்னைப் பற்றிய முதல் செய்தி. என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சோல்டரிங் அயனைக் கையில் பிடித்துக்கொண்டு, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று தொடங்கி, செதில், திரவம், ஈரப்பதன், ஏழு நாள் பத்து நாள் என்று நான்கு நிமிடம் விரிவுரை செய்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். “சரி,” என்றாள். எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். மெதுவாக.

நான் துளை போட்டேன். இருபத்தொன்பதாவது துளையில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும், பக்கத்து வீட்டு விறகுக் குவியலில் ஒரு பாம்பு. ஆண்கள் எல்லாம் தடியோடு பின்னுக்கு நிற்க, ஏழு மாத வயிற்றோடு நின்ற அந்த வீட்டு மாமியை எல்லாருமாக முன்னுக்குத் தள்ளினார்கள். பிள்ளைத்தாச்சியைக் கண்டால் பாம்புக்குக் கண் தெரியாது, நீ போய் விறகை எடு என்றார்கள். மாமி எல்லாரையும் ஏசி ஏசிக்கொண்டு போனார். அயன் நழுவி என் சுட்டுவிரலில் பட்டது. தழும்பு இருந்தால் உனக்குக் காட்டுகிறேன்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“வதனி, நீர் இப்ப சொன்னது…”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“உமக்கு நாள் தள்ளிப் போட்டுதோ?”

“நான் ஆருக்கும் சொல்லேல்லை,” என்றாள். எழும்பி உட்கார்ந்தாள். “அக்காவுக்குச் சொல்லாமல் ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு இருந்தனான். உங்களுக்குச் சொன்னால் அக்கா இனிக் கதைக்கமாட்டா எண்டு நானே முடிவு கட்டினமாதிரி. அதாலை சொல்லேல்லை. இப்பவும் நான் சொல்லேல்லை. அவர்தான் சொன்னவர்.” கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது.

“எத்தினை கிழமை?”

விரல்விட்டு எண்ணினாள். “ஒன்பது.”

“டொக்டரிட்டை…”

“இப்ப வாயை மூடிக்கொண்டு இதிலை இருங்கோ.”

இருந்தேன். நெடுநேரம் இருந்தோம். எனக்குச் சந்தோஷமா? ஓம். ஆனால் அதை வைக்க ஒரு இடம் இருக்கவில்லை. அந்த அறையில் இருந்துகொண்டு சந்தோஷப்படுவது களவுபோல் இருந்தது. பிறகு அவள் கேட்டாள், “அக்கா கதைக்கிறவரைக்கும் ஆருக்கும் சொல்லமாட்டீங்கள்தானே?” எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க வாய் வந்தது. முதல் தடவையாக அதை அடக்கினேன். சொல்லமாட்டன் என்றேன்.

அப்போதுதான் போனின் ஞாபகம் வந்தது.

கூடத்துச் சுவரில் ஒரே ஒரு பிளக், இரண்டு வாய். ஒன்றில் பவர் பார். அதில் டிவி, கொம்பியூட்டர், விளக்கு எல்லாம் நிறைந்திருக்கிறது. மற்றதில் போனின் அடிப்பாகம். தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு வாய் வேண்டும். பவர் பாரின் மேல் இன்னொரு பவர் பார் கொளுவுவது தீப்பிடிக்கிற வேலை. தொழிற்சாலையில் அப்படிச் செய்தவர்களை நான் பிடித்து ஏசியிருக்கிறேன். அதனால் காலை பத்து இருபதுக்குப் போனைக் கழற்றினேன். தகடு சூடாகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தகடு 32 பாகையில் நிற்க நேரமெடுத்தது. பிறகு பத்திரிகை, பிறகு பாம்பின் கண், பிறகு நீ. போன் அடிக்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன்: நிம்மதியாக இருந்தது.

நான் போய்த் திரும்பக் கொளுவியபோது ஒன்று ஐம்பது. போனை எடுத்தால் தகவல் இருக்கிறதென்று விட்டுவிட்டுச் சத்தம் கேட்டது. பதினொன்று ஏழுக்கு வந்தது என்றது இயந்திரக் குரல். அங்கே இரவு எட்டரை தாண்டியிருக்கும். முதலில் சனத்தின் இரைச்சல். யாரோ ஒரு குழந்தை இருமுகிறது. பிறகு ஒரு பெண் குரல், வாய்க்குக் கிட்டவாக இல்லை, யாரிடமோ திரும்பிச் சொல்கிறது: “ஒருத்தரும் எடுக்கினமில்லை அண்ணை.” ஒரு ஆண்: “கெதியாய் வையும், மற்றவை நிக்கினம்.” அவ்வளவுதான்.

அது அக்காவா? எனக்குத் தெரியாது. மூன்று தடவை கேட்ட குரல், அதுவும் சிரித்துக்கொண்டு கேட்ட குரல். இது சிரிக்கவில்லை. அக்காவாக இருந்தால் அவர் உயிரோடிருக்கிறார். அந்தப் பத்து இலக்கத்தையும் மறக்காமல் யாரோ ஒருவரின் போனுக்கு வரிசையில் நின்று அழுத்தியிருக்கிறார். நான் ஒரு பாம்புக்காக அதைக் கழற்றி வைத்திருந்தேன். அது அக்கா இல்லையென்றால் வேறு யாரோ ஒரு பெண் பிழையான இலக்கத்தை அழுத்திவிட்டாள், அவ்வளவுதான். வதனிக்குக் கொடுத்துப் பிறகு பறிக்கிற நம்பிக்கை அது. எது நல்லது? பதினொரு தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் குரலை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வதனி.

ஏழாம் இலக்கத்தை அழுத்தினால் தகவல் அழியும், ஒன்பதை அழுத்தினால் அழியாமல் இருக்கும் என்று இயந்திரம் சொன்னது. நான் ஏழில் பெருவிரலை வைத்தேன். உன் தகப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது உனக்கு நல்லதாகச் சொன்னால் இதையும் சேர்த்துக்கொள். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. எல்லாவற்றையும் அளக்கிறவன், அதை அளக்கவில்லை. அழித்தால் ஒருவருக்கும் தெரியவராது. பிறகு, போய்ப் பெட்டியின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், துளைகளில் கூர் இருக்கிறதா என்று. ஒரு துளையில் இருந்தது. அதை மட்டும் வெளியேயிருந்து குத்தியிருக்கிறேன், விரல் சுட்ட பதற்றத்தில். கத்தியால் சீவினேன். திரும்பி வந்து ஒன்பதை அழுத்தினேன்.

ஆனால் சொல்லவில்லை. நேற்று மாலை கீழே கார் நிறுத்துமிடத்தில் வாணம் விட்டார்கள். வதனி பல்கனிக்கு வந்து, “உவை எதுக்குக் கொளுத்துகினம்?” என்றாள்.

“பழைய ராணி ஒராளின்ரை பிறந்தநாள். ஒவ்வொரு வருசமும் கொளுத்துறவை.”

“இண்டைக்கோ?”

“இண்டைக்குத்தான்.”

கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். பல கிழமைக்குப் பிறகு ஒழுங்காக நித்திரை கொண்டாள். எழுப்பக் கூடாதென்றுதான் சொல்லவில்லை என்று எழுதினேன். அந்தத் தாளைத்தான் கடைசியாகக் கிழித்தேன். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

இன்று வேலைக்கு வரவில்லையென்று அழைத்துச் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். வீட்டில் பழுது என்றேன். பிஸ்கட் ஈரப் பாசிக்குள் தலையை வைத்துக் கிடக்கிறது. நேற்றைவிடக் கண் இன்னும் நீலமாக இருக்கிறது. எங்கள் மூவருக்குள்ளும், உன்னையும் சேர்த்தால் நால்வருக்குள்ளும், தனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது. எழும்பிவிட்டாள். நேரம் 11.52. இனி எழுத நேரமில்லை. செய்யவேண்டியது:

1. தேத்தண்ணி போடுவேன். இஞ்சி போட்டு, சீனி குறைத்து. அவள் குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.

2. போனைக் கழற்றியது நான் என்று முதலில் சொல்வேன். தகவலைக் கேட்கக் கொடுப்பது அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

3. பவர் பாரைப் பற்றி ஒரு வசனமும் சொல்லமாட்டேன்.

4. பதினான்கு விநாடியும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பேன். எத்தனை தடவை கேட்டாலும் எண்ணமாட்டேன்.

5. பெட்டியைப் படுக்கையறைக்கு மாற்றுவேன். அங்கே ஒரு பிளக் சும்மா இருக்கிறது. அது நேற்றும் சும்மாதான் இருந்தது. அவள் படுத்திருக்கிறாள், உள்ளே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

6. தோல் கழன்றதும் இரண்டு கண் செதிலும் அதோடு வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வந்திருந்தால் வதனியைக் கூப்பிட்டு, அவருக்குக் கண் தெரியுது என்று சொல்வேன். அவர் என்றுதான் சொல்வேன்.

7. உன்னைப் பற்றி ஒருவருக்கும் சொல்லமாட்டேன். வயிறு தெரியத் தொடங்கினாலும், ஏழாம் மாடி அன்ரி கேட்டாலும், மீன் என்றுதான் சொல்வேன்.

8. போன் அந்தச் சுவரிலேயே இருக்கும். அடித்தால் நான் எடுக்கமாட்டேன். உன் அம்மா எடுப்பாள். உன்னைப் பற்றி அவள் ஒராளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.